காசு வாங்காத சிரிப்பு: உங்கள் தாமானிலும் ஒரு சிரிப்பு மன்றம் தொடங்கலாம்

தோட்டத்தில் இருந்தவரை என் பாட்டியை யாரும் எண்ணாமல் விட்டதில்லை. விடியும் முன்பே பெரட்டுக்களத்தில் கிராணி பெயர் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் லயத்துக்கு ஆள் வரும். காய்ச்சலா, பிள்ளைப்பேறா, இல்லை சும்மா படுத்துக் கிடக்கிறாயா என்று வாசலில் நின்று கேட்கும். அந்தக் கெடுபிடியைப் பாட்டி ஒருநாளும் புகழ்ந்து பேசியதில்லை. ஆனால் தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டமாகி, நாங்கள் மலிவு விலை அடுக்குமாடியின் நான்காவது மாடிக்கு வந்து சேர்ந்த பிறகு ஒருமுறை இப்படிச் சொன்னார்: "காலையில நீங்கள்லாம் வேலைக்குப் போயிட்டா, சாயங்காலம் வரைக்கும் நான் இருக்கேனா இல்லையான்னு ஒருத்தருக்கும் தெரியாது."

அந்தப் பாட்டியை நான்கு மாடிப் படி இறங்க வைத்தது கீழே திடலில் காலையில் கேட்ட ஒரு சத்தம். ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று கைதட்டி "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வாரம் சன்னலில் நின்று பார்த்தார். இரண்டாம் வாரம் செருப்பைத் தேடினார். உண்மையைச் சொன்னால், அதைப் பார்த்து நான் சிரித்தேன். இந்த வயதில் இதென்ன கூத்து என்ற சிரிப்பு.

இன்று அதே திடலில் அந்த வட்டத்தை நடத்தும் மூவரில் நானும் ஒருத்தி. இந்தப் பக்கத்துக்காக எழுதும்போது, இப்படி ஒன்றை நம் இடத்தில் தொடங்க என்ன செலவாகும், யாரிடம் கேட்க வேண்டும் என்று பல வாசகர்கள் விசாரிக்கிறார்கள். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நகைச்சுவை தீர்ந்த நாளில் பிறந்தது

சிரிப்பு யோகா பழைய சித்தர் முறை என்று சிலர் புலனத்தில் அனுப்புவதை நம்ப வேண்டாம். அதற்குத் தெளிவான பிறந்த நாள் உண்டு. 1995 மார்ச் 13-ஆம் தேதி, மும்பையின் அந்தேரி பகுதியில் உள்ள ஒரு பூங்காவில், மருத்துவர் மதன் கட்டாரியா அதைத் தொடங்கினார். சிரிப்பே சிறந்த மருந்து என்று ஒரு மருத்துவ இதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தவருக்கு, எழுதுவதைவிடச் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. விடிந்ததும் பூங்காவுக்குப் போய் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களை அழைத்தார். முதல் நாள் கூடியவர்கள் ஐந்தே பேர். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அவருக்கு முன்னோடியாக இருந்தவர் நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர். 1964-இல் முதுகெலும்பைத் தாக்கும் கடும் வலி நோயில் விழுந்த அவர், சிரிப்புப் படங்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1979-இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதினார்.

மும்பைப் பூங்காவில் தொடக்கத்தில் நகைச்சுவைத் துணுக்குகள்தாம் சொன்னார்கள். ஆளுக்கு ஒன்று சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். இரண்டு வாரத்தில் நல்ல துணுக்கெல்லாம் தீர்ந்துபோனது. பிறகு வந்தவை ஆபாசமானவை, பிறரைப் புண்படுத்துபவை. முகம் சுளித்துச் சிலர் விலகப் பார்த்தார்கள். அப்போதுதான் கட்டாரியா துணுக்கே வேண்டாம் என்று நிறுத்தினார். காரணமே இல்லாமல் சிரிப்பதுபோல் நடிப்போம், ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்போம், மற்றது தானாக வரும் என்றார். வந்தது. யோகா ஆசிரியையான அவர் மனைவி மாதுரி மூச்சுப் பயிற்சியைச் சேர்க்க, 'சிரிப்பு யோகா' என்ற பெயர் அமைந்தது. இப்போது 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் மன்றங்கள் இருப்பதாக இயக்கத்தினர் சொல்கிறார்கள். மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை உலகச் சிரிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இங்கே தமிழ் படித்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது முதலில் வைப்பது நகை. அது எள்ளலாலும் இளமையாலும் பேதைமையாலும் மடனாலும் பிறக்கும் என்கிறார். பட்டப்படிப்பில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. திடலில் நின்ற பிறகுதான் அந்த வரிசை உறைத்தது. நம் கல்யாண மண்டபங்களிலும் பொதுக்கூட்ட மேடைகளிலும் எழும் சிரிப்பில் பெரும்பகுதி எள்ளல்தான். ஒருவரின் நிறம், உடம்பு, பேச்சு, பிள்ளை இல்லாமை, ஏதோ ஒன்று அதற்குத் தீனியாகிறது. மும்பைப் பூங்காவில் துணுக்கை நிறுத்தியதும் எள்ளல் வெளியே போனது, இளமை உள்ளே வந்தது. ஆகவே மன்றத்தில் முதல் விதி இதுதான்: யாரையும் வைத்துச் சிரிக்கக் கூடாது, துணுக்கு சொல்லக் கூடாது. "ஒன்னே ஒன்னு சொல்லிக்கிறேன் டீச்சர்" என்று ஓர் அண்ணன் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். அவரிடம் முதல் நாளே பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

அரை மணி நேரத்தில் நடப்பது

வட்டமாக நிற்க வேண்டும். வரிசையாக நிற்க வைத்தால் பள்ளிக்கூட உடற்பயிற்சி ஆகிவிடும். யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். நிற்க முடியாதவர்களுக்கு வட்டத்திலேயே நாற்காலி, ஒதுக்குப்புறத்தில் அல்ல.

கைதட்டலில் தொடங்குவோம். விரல்களும் உள்ளங்கைகளும் முழுக்கப் படும்படி தட்டிக்கொண்டே "ஹோ ஹோ, ஹா ஹா ஹா". அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், தொண்டையைக் கிழிக்கக் கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் தூக்கம் கலைந்துவிடும். பிறகு மூக்கால் ஆழ்ந்து மூச்சிழுத்து, கைகளை உயர்த்தி, மெல்ல விட்டுக்கொண்டே கையை இறக்குவது. ஒவ்வொரு சிரிப்புக்கும் நடுவில் இந்த மூச்சு வேண்டும். சத்தமும் கூத்தும் பிடித்துப்போய் இதை விழுங்கிவிடுகிற மன்றங்கள் உண்டு. அங்கேதான் வயதானவர்களுக்குத் தலைசுற்றல் வருகிறது.

அடுத்தது சிரிப்புப் பயிற்சிகள். கும்பிட்டுக்கொண்டே ஒவ்வொருவர் முன்னும் போய் நின்று சிரிப்பது வணக்கச் சிரிப்பு. நாக்கை நீட்டி, கண்ணை விரித்து, நகத்தைக் காட்டிச் சிரிப்பது சிங்கச் சிரிப்பு. பேரப்பிள்ளைகளுக்கு இதில் தனி ஆசை. சுட்டுவிரலை ஆட்டி வாய்ச்சண்டை போடுவதுபோல் ஒரு சிரிப்பு உண்டு. மாமியார் மருமகள் இருவரும் வந்திருக்கும் நாளில் அதற்கு வரவேற்பு அதிகம். இந்தக் குவளையிலிருந்து அந்தக் குவளைக்கு ஊற்றிக் குடிப்பதுபோல் வெளிநாட்டில் செய்யும் ஒரு பயிற்சியை நாங்கள் தே தாரிக் சிரிப்பு ஆக்கிவிட்டோம். கை எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு சத்தம்.

மன்றம் நம்முடையதாவது இந்த இடத்தில்தான். புத்தகத்தில் உள்ளதை அப்படியே செய்தால் ஒரு மாதத்தில் சலித்துவிடும். எங்கள் வட்டத்தில் பால்வெட்டிய கைகள் நிறைய. உளியைப் பிடித்து மரத்தைச் சுற்றி வருவதுபோல் ஒரு சிரிப்பு, மங்கில் பால் சேகரிப்பதுபோல் ஒன்று, காண்டா வாளி தூக்கித் தோளை மாற்றுவதுபோல் ஒன்று என்று அவர்களே கட்டினார்கள். காண்டா வாளியைச் செய்து காட்டியவர் என் பாட்டி. அன்று அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முதுகு ஒடிய அவர் சுமந்தது எனக்குத் தெரியும். அதை நடித்துச் சிரிக்க அவருக்கு எப்படி மனம் வந்தது என்பதை இன்றுவரை கேட்கவில்லை.

இருபது நிமிடத்துக்கு மேல் சிரிப்பு வேண்டாம். கடைசி ஐந்து நிமிடம் கண்ணை மூடி, ஒன்றும் செய்யாமல், மூச்சை மட்டும் கவனித்து உட்கார வேண்டும். அந்த நேரத்தில் சிலர் அழுவார்கள். பதறிப்போய்ச் சூழ்ந்துகொள்ளாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்தால் போதும்.

பலன் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு

சர்க்கரை குறையும், இரத்தக் கொதிப்பு தீரும், புற்றுநோய் வராது என்றெல்லாம் பேசும் மன்றத்துக்குப் போகாதீர்கள். தேசியச் சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையேதான் அதிகம். அப்படிப்பட்ட சமூகத்தில் 'மாத்திரையை நிறுத்திவிட்டுச் சிரி' என்று யாராவது சொன்னால் அது உயிரோடு விளையாடுவது.

ஆய்வுகள் சொல்வது கொஞ்சம் அடக்கமானது. சிரிப்பைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ராபர்ட் புரோவைன், மனிதர்கள் தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பார் குழுவினர், சேர்ந்து சிரித்தவர்கள் வலியைக் கூடுதலாகத் தாங்குவதைக் கண்டு, மூளையில் சுரக்கும் எண்டோர்ஃபினே அதற்குக் காரணம் என்று கருதினார்கள். சிரிப்பு யோகாவைப் பற்றித் தனியாக நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறிய குழுக்களில் செய்யப்பட்டவை. மனச்சோர்வு குறைகிறது, தூக்கம் நன்றாக வருகிறது என்ற அளவில் நம்பிக்கை தருகின்றன.

பொய்ச் சிரிப்புக்கும் மெய்ச் சிரிப்புக்கும் உடலுக்கு வித்தியாசம் தெரியாது என்று இயக்கத்தில் அடிக்கடி சொல்வார்கள். அது முழுக்கச் சரியென்று நான் எழுத மாட்டேன். லண்டனில் சோஃபி ஸ்காட் என்ற நரம்பியல் ஆய்வாளர், ஒரு சிரிப்பைக் கேட்கும்போது அது வலிந்து வந்ததா, தானாக வந்ததா என்பதை நம் மூளை பிரித்தறிகிறது என்று காட்டியிருக்கிறார். ஆனால் திடலில் நடப்பது இன்னொன்று. முதல் இரண்டு நிமிடம் பொய். எதிரே நிற்கும் சீன ஆன்ட்டி பொய்யாகச் சிங்கமாவதைப் பார்த்ததும் மூன்றாவது நிமிடத்திலிருந்து அது பொய்யாக இருப்பதில்லை.

சிரிக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஆகவே குடலிறக்கம், முற்றிய மூலநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், நெஞ்சுவலியோடு கூடிய இதய நோய், வலிப்பு, கண் அழுத்த நோய், கடும் முதுகுவலி உள்ளவர்களும், மூன்று மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கலந்துகொள்ளக் கூடாது. புதிதாக வருபவரிடம் இதை முதல் நாளே, தனியாகக் கேளுங்கள். கூட்டத்துக்கு நடுவில் "உங்களுக்கு மூலம் இருக்கா?" என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் உண்டு. பிள்ளை பெற்ற, வயதான உடம்பில் பலமாகச் சிரித்தால் சிறுநீர் கசியும். அதனால் இரண்டே நாளில் வராமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள், மெல்லச் சிரித்தால் போதும், அரசாங்க கிளினிக்கில் இதற்குப் பயிற்சி சொல்லித் தருவார்கள் என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்ல வேண்டும். நடத்துபவர்களில் கட்டாயம் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றோடு வந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். இரண்டு பிஸ்கட்டாவது தின்றுவிட்டு வரச் சொல்லுங்கள். நடத்துபவரின் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கட்டும்.

இடம், நேரம், அனுமதி

பெரிய பூங்கா வேண்டாம். நடந்து வரக்கூடிய தூரம்தான் முக்கியம். பேருந்து ஏறியோ மகன் காரில் கொண்டுவந்து விட்டோ வர வேண்டிய மன்றத்துக்கு நம் பெரியவர்கள் மாதம் ஒருமுறைகூட வர மாட்டார்கள். அடுக்குமாடிக்குக் கீழே உள்ள திடல், பாலாய் ராயா, கோயில் மண்டபம், தோட்டமானால் பழைய பெரட்டுக்களமே போதும். தரை சமமாக இருக்க வேண்டும். பக்கத்தில் கழிப்பறை இருந்தால் நல்லது.

பொதுத் திடல் என்றால் அது நகராண்மைக் கழகத்துக்குச் சொந்தமாக இருக்கும். ஒலிபெருக்கி இல்லாமல் பத்துப் பேர் உடற்பயிற்சி செய்வதை யாரும் தடுப்பதில்லை என்றாலும், குடியிருப்பாளர் சங்கத்திடமோ ருக்குன் தெத்தாங்காவிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுவது பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும். மாடியில் இரவு வேலை முடித்துத் தூங்குபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு "ஹா ஹா ஹா" மருந்தாகத் தெரியாது. கட்டடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நில்லுங்கள்.

பதிவு பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி ஏழு பேரும் அதற்கு மேலும் கொண்ட அமைப்பு சங்கமாகக் கருதப்படும். அதைச் சங்கங்களின் பதிவிலாகாவில் பதிய வேண்டும். பெயர்ப்பலகை, செயலவை, வங்கிக் கணக்கு என்று போகப் போகிறீர்கள் என்றால் பதிந்துவிடுங்கள். அதைவிட எளிய வழி, ஏற்கெனவே பதிவு பெற்ற ஒன்றின் நடவடிக்கையாக நடத்துவது. கோயில் நிர்வாகம், ருக்குன் தெத்தாங்கா, குடியிருப்பாளர் சங்கம், சமூகநல இலாகாவின் கீழ் இயங்கும் 'பாவே' எனப்படும் மூத்தோர் நடவடிக்கை மையம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் பக்கத்தில் இருக்கும். நாங்கள் இரண்டாவது முறை இப்படித்தான் செய்தோம். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர் என்று ஐந்து பதவி உண்டாக்கினால் ஆறாவது ஆள் கோபித்துக்கொள்வார் என்பது நம் சமூகத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெயரிலும் கவனம் வேண்டும். எல்லா இனத்தவரும் வர வேண்டும் என்று நினைத்தால் 'யோகா' என்ற சொல்லைப் பலகையில் போடாதீர்கள். 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம், இந்து சமய மந்திரங்களும் வழிபாட்டுக் கூறுகளும் கலந்த யோகாவை முஸ்லிம்கள் செய்யக் கூடாது என்று அறிவித்தது. அந்தச் சங்கடத்தை அண்டை வீட்டு மாக்சிக்குக்குக் கொடுப்பானேன்? 'கெலாப் கெத்தாவா', சிரிப்பு மன்றம் என்று பெயர் வைத்து, ஓங்காரமும் மந்திரமும் இல்லாமல் மூச்சையும் கைதட்டலையும் மட்டும் வைத்துக்கொண்டால் எல்லாரும் வரலாம்.

நேரம் காலை 7.15 வாக்கில். அதற்கு முன் வெளிச்சம் போதாது, அதற்குப் பின் வெயில் ஏறிவிடும். காலையில் ஏடிஸ் கொசு கடிக்கும் என்பதால் முழுக்கை, முழுக்கால் உடை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆழ்ந்த மூச்சும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம், வீட்டிலேயே இருங்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பல மன்றங்கள் ஸூம் செயலிக்குப் போயின. கைப்பேசியைப் பார்த்துச் சிரிப்பதற்கு எங்கள் பாட்டிமார் ஒத்துக்கொள்ளவில்லை.

பயிற்சி வேண்டுமா? இரண்டு நாள் தலைவர் பயிற்சி உண்டு, அதற்குக் கட்டணம். முடிந்தவர் போகலாம். போகாவிட்டாலும் நடக்கிற ஒரு மன்றத்தில் ஒரு மாதம் போய் நின்றுவிட்டு வந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் தனியாகத் தொடங்காதீர்கள். மூன்று பேர் வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு ஊரில் கல்யாணம் என்றாலும் மூன்றாமவர் திடலில் நிற்க வேண்டும். ஒரே ஒரு நாள் பெரியவர்கள் இறங்கி வந்து யாரும் இல்லாமல் திரும்பி மேலே ஏறினால், அடுத்த வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள். நான்கு மாடி ஏறிப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

எங்கள் முதல் மன்றம் எப்படிச் செத்தது

பாட்டி முதலில் போன அந்த மன்றம் ஒன்பது மாதம்தான் இருந்தது. ஒருநாள் வழக்கமாக வரும் ஒருவர் மூட்டுவலிக்கு நல்லது என்று ஒரு சத்து மாவு டப்பாவைக் கொண்டுவந்தார். நல்லெண்ணம்தான். அடுத்த வாரம் விலைப்பட்டியல் வந்தது. அதற்கடுத்த வாரம், நேரடி விற்பனையில் ஆள் சேர்த்தால் கிடைக்கும் தள்ளுபடி வந்தது. சிரித்து முடித்துக் கண் மூடி உட்காரும் ஐந்து நிமிடம் பத்து நிமிட விற்பனைப் பேச்சானது. வாங்காதவர்கள் கூச்சப்பட்டு நின்றார்கள். என் பாட்டி, உதவித் தொகையாக வந்ததிலிருந்து 80 வெள்ளியைக் கொடுத்து ஒரு டப்பா வாங்கினார். கேட்டதற்கு, "எல்லாரும் வாங்குறாங்க, நான் மட்டும் எப்படிம்மா நிக்கிறது?" என்றார்.

பிறகு மாதம் 10 வெள்ளி சந்தா என்றார்கள். சீருடைச் சட்டை அடிக்கலாம் என்றார்கள். சட்டையில் யார் படம் போடுவது என்பதில் இரண்டு அணி ஆனது. ஒரு பக்கம் பதாகை கட்டியது, மறுபக்கம் புலனக் குழுவிலிருந்து வெளியேறியது. ஒரு திங்கட்கிழமை காலை திடலில் யாரும் இல்லை. பாட்டி மேலே ஏறி வந்து செருப்பைக் கழற்றி வைத்தவர், அதை மறுபடி போட ஒன்றரை ஆண்டானது. அந்த ஒன்றரை ஆண்டில் அவர் நடை தளர்ந்ததையும் பேச்சு குறைந்ததையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த டப்பா இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. பாதிகூடத் தீரவில்லை.

கட்டாரியா தொடங்கிய நாளிலிருந்து பொது மன்றங்கள் இலவசமாகவே நடக்க வேண்டும் என்பது இயக்கத்தின் அடிப்படை. அதை முதலில் கேட்டபோது தர்மம் என்று நினைத்தேன். இப்போது அதைப் பாதுகாப்பு என்று பார்க்கிறேன். காசு நுழைந்த நிமிடமே கொடுக்க முடிந்தவர், முடியாதவர் என்று வட்டம் உடைகிறது. ஆகவே எங்கள் இரண்டாவது முயற்சியில் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதினோம். சந்தா இல்லை. விற்பனை இல்லை. கட்சி இல்லை. சட்டை இல்லை. தே தண்ணி குடிக்கப் போனால் அவரவர் காசு.

கூட்டு பிடிப்பதும் இல்லை என்று சேர்த்தோம். பெண்கள் பத்துப் பேர் ஓரிடத்தில் கூடினால் மூன்றாம் மாதம் யாராவது ஒருவர் கூட்டுக்கு ஆள் கேட்பார். அதை வியாபாரமாக நடத்துவதைத் தடுக்க 1971-லேயே இந்நாட்டில் சட்டம் வந்துவிட்டது; அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' இருக்கிறது. ஏமாந்த பணத்துக்காக முகம் பார்க்காமல் போன அக்கா தங்கைகள் எத்தனை பேர்! வெளியே யார் என்ன செய்தாலும் சரி, வட்டத்துக்குள் வேண்டாம்.

பிறந்த நாளுக்குக் கேக் வெட்டலாமா என்று கேட்டார்கள். வட்டத்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. பிறந்த நாள்காரரை நடுவில் நிறுத்தி அவருக்குப் பிடித்த சிரிப்பைச் செய்கிறோம்.

ஆண்களை வரவழைப்பதுதான் இன்னும் கைவரவில்லை. அவர்கள் எதிர்க் கோப்பிக் கடையில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், எள்ளல் வகை. வெறுமனே "வாங்கண்ணே" என்றால் வர மாட்டார்கள் என்று கண்டுகொண்டோம். நாற்காலி எடுத்துப் போட ஆள் வேண்டும் என்று ஒருவரைக் கூப்பிட்டோம், வந்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் வாரம் வட்டத்தில் நின்றார். வேலை என்றால் வருவார்கள். கூச்சத்துக்கு அது ஒரு திரை. இப்படி ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் மனைவியை இழந்து மூன்றாவது மாடியில் தனியாக இருப்பவர். இரண்டு நாள் தொடர்ந்து வரவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சிரித்து முடித்ததும் இருவர் மேலே போய்க் கதவைத் தட்டினார்கள். காலில் ஆணி குத்திப் புண்ணாகி, சர்க்கரைக்காரர், வெளியே சொன்னால் காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் துணியைச் சுற்றிப் படுத்திருந்தார். அன்றே கிளினிக், அங்கிருந்து மருத்துவமனை. ஒரு விரல் போனது. கால் தப்பியது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டுகிறார், மற்றவர்களின் செருப்பைக் குனிந்து பார்த்து அதட்டுகிறார்.

அதனால் நீங்கள் தொடங்கும்போது ஒலிபெருக்கியோ பதாகையோ வாங்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். பெயர், வீட்டு எண், அவசரத்துக்கு அழைக்க ஓர் எண், என்ன மருந்து சாப்பிடுகிறார். ஒவ்வொரு நாளும் வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. இரண்டு நாள் கோடு இல்லாவிட்டால் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். யார் போவது என்பதை முன்கூட்டியே மாடிவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த விவரங்களைப் படம் பிடித்துப் புலனக் குழுவில் போடாதீர்கள். புத்தகம் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

எங்கள் வட்டத்தில் அது என் பாட்டியின் கையில் இருக்கிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் நான் ஓர் அடையாளம் வரைந்து கொடுத்திருக்கிறேன். சீன ஆன்ட்டிக்கு ஒரு பூ, மூன்றாவது மாடி ஐயாவுக்கு ஒரு நாற்காலி, மாக்சிக்குக்கு ஒரு பூனை. காலை 7.15-க்கு முன்பே இறங்கி, திடல் ஓரத்துச் சிமெந்துத் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் வரும்போதும் கோடு போடுகிறார். வராதவருக்கு ஒரு வட்டம். ஒரே பெயருக்கு இரண்டு வட்டம் விழுந்துவிட்டால், சிரிப்பு முடியும்வரைகூடப் பொறுக்காமல் மாடியைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிடுகிறார்.